வியன்னாவின் வாடகை வீடுகள்: அரசுப் பணம் தங்கும் இடம்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் இருபது லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குடியிருப்பது, ஏதோ ஒரு வகையில் அரசுப் பணம் சேர்ந்த வாடகை வீட்டில். மாநகராட்சியே கட்டி, இன்றுவரை விற்காமல் கையில் வைத்திருக்கும் வீடுகள் சுமார் 2,20,000. லாபத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்ட வீடமைப்புச் சங்கங்களிடம் இன்னும் ஏறத்தாழ 2,00,000 வீடுகள் இருக்கின்றன. அந்த ஊரில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பது வசதியின்மையின் அடையாளம் அல்ல. டிராம் ஓட்டுநரும் பள்ளி ஆசிரியரும் வக்கீலும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் குடியிருப்புகள் அங்கே சாதாரணம்.

வாடகை வீட்டுக்காக அரசு செலவிடும் பணம் இரண்டு வழிகளில் போகலாம். குடித்தனக்காரர் கட்ட வேண்டிய வாடகையில் ஒரு பகுதியை அரசே ஏற்றுக்கொள்வது ஒரு வழி. வீட்டைக் கட்டும்போதே பணத்தைப் போட்டு, அதன் வாடகையைக் குறைவாக நிர்ணயிப்பது இன்னொரு வழி. முதல் வழிக்கு நியூயார்க் நல்ல எடுத்துக்காட்டு. 1974ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அங்கே ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டுகிறது; மிச்சத்தை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, அரசு நேராக வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறது. உதவி உடனே கிடைக்கிறது என்பது இதன் பலம். ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்கிறது. நகரத்துக்கு அதனால் ஒரு செங்கல்கூடச் சொந்தமாவதில்லை. ஒதுக்கீடு நின்றால் வீடும் போய்விடும். தேவையோ ஒதுக்கீட்டைவிடப் பல மடங்கு. சுமார் பதினைந்து ஆண்டுகள் மூடிக் கிடந்த காத்திருப்போர் பட்டியலை நியூயார்க் வீட்டுவசதி ஆணையம் 2024 ஜூனில் ஒரு வாரம் திறந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. குலுக்கலில் பட்டியலுக்குள் வந்தவர்கள் 2,00,000 பேர்.

வியன்னா பிடித்துக்கொண்டது இரண்டாவது வழியை. அது செலவிடும் தொகையைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. மற்ற நகரங்களும் குறைவாகச் செலவிடவில்லை. போட்ட பணம் எங்கே தங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். அதைப் புரிந்துகொள்ள நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

போருக்கு முந்தைய வாடகைக் குடியிருப்புகள்

1910இல் வியன்னாவின் மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஹாப்ஸ்பர்க் பேரரசின் பல மூலைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள், தனியார் கட்டிய நாலைந்து மாடித் தொழிலாளர் குடியிருப்புகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நீண்ட நடைபாதை, அதன் ஓரமாகச் சமையலறையும் ஓர் அறையுமாக வீடுகள். சமையலறைக்கு இருந்த ஒரே ஜன்னல் நடைபாதையைப் பார்த்துத் திறக்கும். வெளிக்காற்று அதன் வழியே வராது. ஒரு மாடிக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கழிப்பறையும் பொது. இப்படிப்பட்ட வீட்டுக்கே தொழிலாளியின் கூலியில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ வாடகையாகப் போனது. கட்டுப்படியாகாத குடும்பங்கள் உள்வாடகைக்கு ஆள் சேர்த்தன. அறையைக்கூட அல்ல, படுக்கையை மட்டும், அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தவர்கள் பல்லாயிரம் பேர். இரவு வேலை முடிந்து வருபவர், பகல் வேலைக்கு எழுந்து போனவரின் சூடு ஆறாத படுக்கையில் படுப்பார். காசநோய்க்கு ஐரோப்பாவில் ‘வியன்னா நோய்’ என்றே பெயர் இருந்தது.

முதல் உலகப் போர் இந்தச் சந்தையைத் தலைகீழாக்கியது. போர்முனைக்குப் போன சிப்பாய்களின் குடும்பங்களை வீட்டுக்காரர்கள் தெருவில் நிறுத்தினால் கலகம் வரும் என்று பயந்த அரசு, 1917இல் வாடகையை உறையவைத்து, குடித்தனக்காரரைக் காலி செய்யவைப்பதையும் கட்டுப்படுத்தியது. சோசலிசம் அல்ல, போர்க்கால எச்சரிக்கைதான் அதற்குக் காரணம். போர் முடிந்ததும் வந்த பெரும் பணவீக்கத்தில் ஆஸ்திரிய நாணயமான குரோனே செல்லாக்காசு ஆனது; உறைந்து நின்ற வாடகையும் அதோடு சேர்ந்து ஒன்றுமில்லாமல் போனது. வாடகை வருமானத்தை நம்பியிருந்த வீட்டுக்காரர்கள் நொடித்தார்கள். வாடகை வீடு கட்டிச் சம்பாதிக்கலாம் என்று நினைக்க ஆள் இல்லாததால் நிலத்தின் விலையும் விழுந்தது. அந்த நேரத்தில் நிலம் வாங்க ஒருவரிடம் மட்டும் பணமும் விருப்பமும் இருந்தன: மாநகராட்சி. சில ஆண்டுகளில் நகரின் மிகப் பெரிய நில உடைமையாளராக அது ஆகிவிட்டது. வியன்னாவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலரும் இந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். இன்றைய மலிவான வாடகையின் ஒரு பகுதி, நூறு ஆண்டுகளுக்கு முன் நொடித்துப்போன வீட்டுக்காரர்களின் கணக்கில் எழுதப்பட்டது.

பிரைட்னரின் வரி

1919 மே மாதத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியைப் பெரும்பான்மையோடு பிடித்தது. 1922 ஜனவரியில் வியன்னா கீழ் ஆஸ்திரியாவிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. மாநிலம் என்பதால் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு வந்தது. நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஹூகோ பிரைட்னர், முன்னாள் வங்கி இயக்குநர். 1923இல் அவர் கொண்டுவந்த வீடமைப்பு வரி, வாடகைக்கு விட்ட எல்லா இடங்களின்மீதும், போருக்கு முந்தைய வாடகையை அடிப்படையாக வைத்து, படிப்படியாக ஏறும் விகிதத்தில் விதிக்கப்பட்டது. சிறு வீட்டில் இருப்பவர் கட்டியது சில்லறை. மாளிகையில் இருப்பவர் கட்டியது பெருந்தொகை. மிக விலையுயர்ந்த அரை சதவீத இடங்களிலிருந்தே வரி வருமானத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் வந்தது. இதோடு மோட்டார் கார், பந்தயக் குதிரை, வீட்டு வேலையாட்கள், ஆடம்பர விருந்து என்று வசதியானவர்களின் செலவுகள்மீதும் வரிகள் வந்தன. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் பிரைட்னரின் பெயரையே வசைச் சொல்லாக்கின.

வரியைவிட முக்கியமானது அதைச் செலவிட்ட முறை. கட்டுமானத்துக்கு மாநகராட்சி கடன் வாங்கவில்லை. அந்தந்த ஆண்டு வரி வருமானத்திலேயே கட்டியது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் வாடகையில் பெரும்பகுதி வட்டிக்கும் அசலுக்கும்தான் போகும். கையிலிருந்த பணத்தில் கட்டிய வீட்டுக்கு அந்தச் சுமை இல்லை. பராமரிப்புச் செலவுக்கு மட்டும் வாடகை வாங்கினால் போதும். அதனால்தான் இந்த வீடுகளின் வாடகை தொழிலாளியின் கூலியில் சுமார் 4 சதவீதத்தில் நின்றது. குறை சொன்னவர்கள் இதை ‘வாக்காளருக்கான நன்கொடை’ என்றார்கள். முழுக்கப் பொய்யும் அல்ல அது. தேவைக்கேற்பப் புள்ளி போட்டு வீடு ஒதுக்கினாலும், இந்தக் குடியிருப்புகள் ஆளும் கட்சியின் கோட்டைகளாக ஆனதை யாரும் மறைக்கவில்லை.

1923க்கும் 1934க்கும் இடையில் 61,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளும், நகர ஓரங்களில் 5,000க்கும் மேற்பட்ட வரிசை வீடுகளும் எழுந்தன. நகர மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அவற்றில் குடியேறினர். தொடக்க கால வீடுகள் சிறியவை: பெரும்பாலும் 38 சதுர மீட்டர், கொஞ்சம் பெரியது 48. தனிக் குளியலறை கிடையாது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இருந்தன. எல்லா அறைக்கும் வெளிச்சம் வந்தது. மனையில் பாதிக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பது விதி. மிச்ச இடம் மரமும் புல்வெளியுமாக முற்றமானது.

அவற்றுள் புகழ்பெற்றது கட்டடக் கலைஞர் கார்ல் ஏன் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான ஒரே கட்டடம், 1,382 வீடுகள். அகலமான வளைவு வாசல்கள் வழியே உள்ளே போனால் தோட்டம். மனையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை. இரண்டு பொதுச் சலவைக்கூடங்கள், இரண்டு குளியல்கூடங்கள், மழலையர் பள்ளிகள், பல் மருத்துவமனை, நூலகம், தாய்மாருக்கான ஆலோசனை மையம், மருந்துக்கடை, அஞ்சல் நிலையம் எல்லாம் உள்ளேயே இருந்தன. சலவைக்கூடங்களில் ஒன்றில் இப்போது அந்தக் காலத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் நடக்கிறது. அந்தக் காலத்து மாநகராட்சிக் கட்டடங்களின் முகப்பில் பெரிய எழுத்துகளில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள்: எந்த ஆண்டில் கட்டியது, எந்த வரிப் பணத்தில் கட்டியது என்று. வரி கட்டியவர் தெருவில் நடந்து போகும்போதே தன் பணம் போன இடத்தைப் படித்துக்கொள்ளலாம். அரசியல் விளம்பரம்தான். ஆனாலும் ஒரு மானியத் திட்டம் தன் கணக்கைச் சுவரிலேயே எழுதி வைத்தது எங்கும் காணக்கூடியதல்ல.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஆஸ்திரிய மத்திய அரசின் தலைவர் டோல்ஃபஸின் ராணுவம் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது பீரங்கியால் சுட்டது. சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. மேயர் கார்ல் ஸைட்ஸ் கைதானார். வீடமைப்புத் திட்டம் நின்றது. 1938இல் நாஜிகள் வந்ததும் மாநகராட்சி வீடுகளில் இருந்த யூதர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வெளியேற்றினார்கள். யாருக்கு வீடு என்று தீர்மானிக்கும் கை மாறினால் பொது வீடு எதற்கெல்லாம் கருவியாகும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

சம்பளத்திலிருந்து ஒரு சதவீதம்

இரண்டாம் உலகப் போர் வியன்னாவில் ஏறத்தாழ 87,000 வீடுகளைச் சிதைத்தது. அதன்பின் மூன்று பத்தாண்டுகள் மாநகராட்சி மறுபடி பெருமளவில் கட்டியது. அறுபதுகளில் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி விரைவாகக் கட்டிய, அழகு குறைந்த குடியிருப்புகளும் அதில் அடக்கம். ஆனால் இருபதுகளின் வரி திரும்பவில்லை. வேறொரு ஏற்பாடு வந்தது. ஆஸ்திரியா முழுவதும் ஊழியரின் மொத்தச் சம்பளத்தில் அரை சதவீதம் ஊழியரிடமிருந்தும், அரை சதவீதம் முதலாளியிடமிருந்தும் வீடமைப்புப் பங்களிப்பாகப் பிடிக்கப்பட்டது. பணக்காரர்மீது ஏறிய பிரைட்னரின் வரியோடு ஒப்பிட்டால் இது எல்லோரையும் ஒரே விகிதத்தில் தொடுகிறது. ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. வரவுசெலவுத் திட்டத்தில் ஒவ்வொரு முறையும் கையேந்த வேண்டியதில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு அந்த நிச்சயம் மிகப் பெரிய விஷயம். 1989இல் வீடமைப்பு மானியப் பொறுப்பு மாநிலங்களுக்குக் கைமாறியது. வியன்னா நகரமாகவும் மாநிலமாகவும் ஒருசேர இருப்பதால், பணமும் நிலமும் கட்டட அனுமதியும் ஒரே நிர்வாகத்தின் கையில் சேர்ந்தன.

இதற்குள் கட்டும் வேலையின் பெரும்பகுதி மாநகராட்சியிடமிருந்து வீடமைப்புச் சங்கங்களுக்குப் போய்விட்டது. பெயர் சங்கம் என்றாலும் அவற்றில் கூட்டுறவு அமைப்புகளும் உண்டு, கம்பெனிகளும் உண்டு. 1979ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை மூன்று விதங்களில் கட்டிப்போடுகிறது. வாடகை, கட்டிய செலவைத் திரும்ப எடுக்கும் அளவுக்குத்தான் இருக்கலாம். சந்தையில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து ஏற்றக் கூடாது. முதலீட்டாளர் எடுத்துக்கொள்ளும் லாபத்துக்கு வரம்பு உண்டு. மிச்சம் மறுபடி வீட்டுக்கே போக வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கையும் கட்டாயம். பதிலுக்கு நிறுவன வரியில் சலுகையும் மானியக் கடனும் கிடைக்கின்றன.

ஒரு புதிய குடியிருப்புக்கான பணம் நான்கு இடங்களிலிருந்து வருகிறது. நகரம் மிகக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் தருகிறது. செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதில் அடங்கும். வங்கிக் கடன் பெரும்பகுதி. சங்கம் தன் கையிருப்பிலிருந்து கொஞ்சம் போடுகிறது. கடைசியாக, குடிவருபவர் ஒரு தொகை கட்டுகிறார். சென்னையில் கொடுக்கும் அட்வான்ஸ் போன்றதுதான் இது. ஆனால் வீட்டுக்காரரின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். சிக்கன வடிவில் கட்டப்படும் ஸ்மார்ட் வகை வீடுகளில் இந்தத் தொகைக்குச் சதுர மீட்டருக்கு 60 யூரோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதன்படி 60 சதுர மீட்டர் வீட்டுக்கு 3,600 யூரோ. பத்தாண்டு கழித்துக் காலி செய்தால் 3,240 யூரோ கைக்கு வரும். மற்ற வகை வீடுகளிலோ இந்தத் தொகை பல ஆயிரங்களைத் தாண்டிப் போகும். அந்தச் சிக்கல் கீழே வருகிறது.

கட்டடக் கடன் தீர்ந்த பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரணச் சந்தையில் கடன் தீர்ந்த கட்டடம் உரிமையாளருக்குப் பொன் முட்டையிடும் வாத்து. வியன்னாவின் சங்க வீட்டிலோ கடன் தீர்ந்ததும் சட்டம் குறித்த அடிப்படைக் கட்டணத்துக்கு வாடகை இறங்குகிறது. அந்தக் கட்டணத்திலும் செலவு போக மிஞ்சுவது சங்கத்தின் அடுத்த கட்டடத்துக்கு மூலதனமாகிறது. நகரம் கொடுத்த கடனும் தவணையாகத் திரும்பி வந்து இன்னொரு குடியிருப்புக்குப் போகிறது. அறுபதுகளில் போட்ட மானியம் அறுபதுகளோடு தீர்ந்துபோகாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நிலத்தின் விலை

எந்த நகரத்திலும் வீட்டு மானியத்தை விழுங்குவது நிலம். கட்டுபவருக்கு அரசு பத்து ரூபாய் கொடுக்கும் என்று தெரிந்தால், நிலத்துக்காரர் விலையைப் பத்து ரூபாய் ஏற்றுவார். வியன்னா இதற்கு இரண்டு தடுப்புகள் வைத்திருக்கிறது. 1984இல் நகரம் ஏற்படுத்திய ஒரு நிதியம், இப்போது வோன்ஃபாண்ட்ஸ் வியன் எனப்படுவது, பழைய தொழிற்சாலை மனைகள், ரயில்வே நிலங்கள் போன்றவற்றை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்கிறது. பிறகு அவற்றைப் போட்டி வைத்துச் சங்கங்களுக்குக் கொடுக்கிறது. 1995இல் தொடங்கிய இந்தப் போட்டியில் யார் நிலத்துக்கு அதிக விலை கேட்கிறார் என்பது கேள்வியே அல்ல. நிலவிலை முன்பே தீர்மானமானது. கட்டடக் கலை, சூழலியல், செலவு ஆகிய மூன்றையும் வைத்து நடுவர் குழு தேர்ந்தெடுத்தது. 2009இல் சமூகப் பயன் நான்காவதாகச் சேர்ந்தது. விலையில் போட்டியிட முடியாத கட்டுநர்கள் வீட்டின் தரத்தில் போட்டியிட வேண்டிய கட்டாயம் வந்தது.

இரண்டாவது தடுப்பு 2019இல் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்புக்காக வகைமாற்றம் செய்யப்படும் பெரிய மனைகளில், கட்டப்படும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும். அந்தப் பங்குக்கான நிலவிலை, கட்டப்படும் தளப் பரப்பில் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது. நிலத்தைப் பதுக்கி வைத்து வகைமாற்றத்தில் கொழுத்த லாபம் பார்க்கும் கணக்கு இதில் அடிபட்டது. நிலத்துக்காரர்கள் விற்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்ற புகார் பின்னாலேயே வந்தது. அது எதிர்பார்த்ததே.

நகரின் கிழக்கு ஓரத்தில் பழைய விமான தளம் ஒன்றில் எழும் ஸேஸ்டாட் அஸ்பெர்ன் இந்த முறையின் பெரிய சோதனைக்களம். 25,000க்கும் மேற்பட்டோர் குடியேறத் திட்டமிட்ட அந்தப் புதுநகரில் மெட்ரோ ரயில் 2013 அக்டோபரில் வந்துவிட்டது. முதல் குடித்தனம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. வயல்வெளிக்கு நடுவே ஆளில்லாத ரயில் நிலையம் நின்றதைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். எழுபதுகளில் தொடங்கிக் கட்டிய ஆல்ட் எர்லா குடியிருப்பையும் அப்படித்தான் கேலி செய்தார்கள். மொட்டைமாடியில் நீச்சல் குளம் வைத்த, 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்தக் கோபுரங்களைப் பார்த்து, வாடகைக் குடித்தனத்துக்கு நீச்சல் குளம் எதற்கு என்று கேட்டார்கள். அதை வடிவமைத்த ஹாரி க்ளுக்கின் பதில், பணக்காரர் வீட்டில் இருப்பதையெல்லாம் எண்ணிக்கை சேர்ந்தால் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பதுதான். அங்கே குடியிருப்பவர்கள் கிளம்ப மனமில்லாதவர்கள் என்று இன்றும் பெயர்.

அண்டை வீட்டுப் பாடம்

வியன்னாவுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள வித்தியாசம் இந்த விஷயத்தைத் தெளிவாக்குகிறது. ஜெர்மனியும் போருக்குப் பின் கட்டடத்துக்குத்தான் மானியம் கொடுத்தது, தாராளமாகவே. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுக்குக் காலவரையறை வைத்தது. கடன் தீர்ந்து, குறித்த ஆண்டுகள் கழிந்தால், வீட்டைச் சந்தை விலைக்கு வாடகைக்கு விடலாம். லாபத்துக்கு வரம்பு வைத்த வீட்டு நிறுவனங்களுக்கான வரிச் சலுகையையும் 1990இல் எடுத்துவிட்டார்கள். விளைவு: எண்பதுகளின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் நாற்பது லட்சம் அளவில் இருந்த சமூக வீடுகள், இன்று நாடு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் பதினொரு லட்சம். பெர்லின் நகரம் 2004இல் 65,000 அளவிலான வீடுகளோடு தன் நிறுவனம் ஒன்றை விற்றது. பிறகு வாடகை ஏறி, 2021இல் பெரிய வீட்டு நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கக் கோரிய வாக்கெடுப்பில் பெர்லின்வாசிகள் பெரும்பான்மையாக ஆம் என்றார்கள். விற்பது ஒரு கையெழுத்தில் முடிந்தது. திரும்பப் பெறுவது அப்படி முடியவில்லை.

ஆஸ்திரியாவிலேயே மத்திய அரசு அதே 2004இல் தன்னிடம் இருந்த சுமார் 60,000 வீடுகளைத் தனியாருக்கு விற்றது. அந்த விற்பனை ஊழல் வழக்காகி, அப்போதைய நிதியமைச்சர் கார்ல் ஹைன்ஸ் கிராஸர் 2020இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. வியன்னா மாநகராட்சி அந்தக் காலத்தில் எதையும் விற்கவில்லை. புதிதாக மாநகராட்சி வீடு கட்டுவதை மட்டும் 2004இல் நிறுத்தியது; தவறு என்று உணர்ந்தோ, தேர்தல் நெருங்கியதாலோ, 2015இல் மறுபடி கட்டப்போவதாக அறிவித்தது. 2019இல் முதல் கட்டடத்தில் குடியேறினார்கள். முன்தொகை இல்லை, டெபாசிட் இல்லை, வாடகை சதுர மீட்டருக்கு 7.50 யூரோ என்பது அப்போது அதன் நிபந்தனை.

யாருக்குத் தகுதி என்பதிலும் வியன்னா வேறு பாதையில் போகிறது. மானிய வீட்டுக்கான வருமான வரம்பு மிக உயரம்: 2024இல் தனி ஒருவருக்கு, வரி போக, ஆண்டுக்கு 57,600 யூரோ. நகர மக்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் அடங்கிவிடுவார்கள். நெதர்லாந்து இதற்கு எதிர்த்திசையில் தள்ளப்பட்டது. ஐரோப்பிய ஆணையத்தின் 2009 டிசம்பர் முடிவுக்குப் பின், அந்நாட்டுச் சங்கங்கள் காலியாகும் வீடுகளில் 90 சதவீதத்தை ஆண்டு வருமானம் 33,000 யூரோவுக்குட்பட்டவர்களுக்கே தர வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கு மட்டும் என்றால் செலவு குறையும் என்பது அதன் நியாயம். ஆனால் அப்படிச் செய்த நகரங்களில் பொதுக் குடியிருப்புகள் மெல்ல மெல்ல ஒதுக்குப்புறங்கள் ஆகின்றன. அவற்றுக்காகப் பேச வலுவான வாக்காளர் இருப்பதில்லை. வியன்னாவில் மானிய வீட்டின்மீது கை வைத்தால் பாதி நகரமே எதிர்த்து நிற்கும். அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் கொள்கைப் பிடிப்பைவிட இந்தக் கணக்குதான்.

உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும்

இந்த ஏற்பாட்டின் பெரிய கோளாறும் அங்கேயே இருக்கிறது. வருமானத்தைப் பார்ப்பது வீடு கொடுக்கும்போது மட்டும். முப்பது வயதில் குறைந்த சம்பளத்தில் குடியேறியவர் ஐம்பது வயதில் இயக்குநர் ஆனாலும் அதே வாடகை. கூடவே வாழ்ந்த மகனோ பேத்தியோ, சில நிபந்தனைகளோடு, அந்தக் குடித்தன உரிமையைத் தொடரலாம். நடுத்தர வர்க்கத்தைக் குடியிருப்பில் தக்கவைப்பதால் சேரிகள் உருவாகவில்லை என்று மாநகராட்சி இதை நியாயப்படுத்துகிறது. நியாயம் உண்டு. ஆனால் வசதியாகிவிட்டவர் சற்றுக் கூடுதல் வாடகை கட்டினால் சேரி உருவாகிவிடாது. அதைச் செய்யாததற்கு ஓட்டுப் பயம் தவிர வேறு காரணம் காண்பது கடினம்.

முன்தொகை இன்னொரு தடை. சேமிப்பு இல்லாதவர் சங்க வீட்டின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அதற்கென நகரம் குறைந்த வட்டிக் கடன் தந்தாலும் கடன் கடன்தான். உண்மையில் மிக ஏழைகளுக்கு உதவுவது பழைய மாநகராட்சி வீடுகளும், தனிநபருக்கான வீட்டுப்படியும்தான். ஆளுக்கான மானியம் வியன்னாவிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கட்டடத்துக்குப் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் சிறியதாக இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. இருபதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையும் மலைபோல் சேர்ந்து நிற்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடத்தில் நிற்பவர் புதிதாக வந்தவர். மாநகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க வியன்னாவில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பதிவு செய்து வாழ்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து நீண்ட காலம் வாழ்பவர்களுக்கு இந்த வீடுகளின் கதவு திறந்ததே 2006இல்தான். அதுவரை அவர்களுக்குத் தனியார் சந்தைதான் கதி. 1945க்கு முந்தைய கட்டடங்களில் தனியார் வாடகைக்கும் சட்ட வரம்பு இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர்கள் குறுகிய காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுவதை விரும்புகிறார்கள். அப்படிப் போட்டால் வாடகையை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிப்பாரா என்ற பயத்தில் அந்தக் கழிவைக் கேட்கும் குடித்தனக்காரர் குறைவு. நூறாண்டு மானியத்தால் நகரின் பாதிக்கு நிம்மதி கிடைத்திருக்கிறது; மறுபாதியின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு அந்த நிம்மதி இன்னும் எட்டவில்லை.

கட்டுமானச் செலவும் வட்டியும் ஏறியதால் 2022க்குப் பிறகு புதிய மானியக் குடியிருப்புகளுக்குக் கணக்கு இடிக்கத் தொடங்கியது. வியன்னா தன் பழைய கருவிக்கே திரும்பியது. பங்களிப்பு விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் 2018 முதல் மாநிலங்களுக்கு வந்திருந்தது. அதைப் பயன்படுத்தி 2025 ஜனவரி 1 முதல் சம்பளத்தில் பிடிக்கும் தொகையை 1 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாக உயர்த்தியது. பாதி ஊழியருடையது, பாதி முதலாளியுடையது. நேற்று வந்து, தனியார் வீட்டில் குறுகிய கால ஒப்பந்தத்தில் குடியிருப்பவரும் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே அதைக் கட்டுகிறார். மாநகராட்சி வீட்டுக்கு மனுப் போட அவர் இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும்.